விளக்குமாறு தொங்கும் வீடுகள்

கார்ல்ஸ்ரூஹேயில் பதினொரு மாதம் குடியிருந்த பிறகும் நான் ஒரு ஜெர்மன்காரர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் பேசிய ஒரே விஷயம், தயிர் டப்பாவைக் கழுவி மஞ்சள் பையில் போட வேண்டும், காகிதத் தொட்டியில் போடக் கூடாது என்பது. அதையும் நான் போட்ட டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். அறுபது பெண்களை ஒரு பார்வையில் உட்கார வைப்பேன். இங்கே நான் பார்ப்பதற்கு ஜன்னலும், எனக்குப் பேச்சுத் துணைக்கு ரேடியோவும்தான். ஒரு வருஷச் சம்பளமில்லா விடுப்பு முடியப்போகிறது. தலைமையாசிரியை கடிதம் எழுதியிருந்தார்: இருபதாம் தேதி வந்து பணியில் சேர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாவை அனுப்ப வேண்டும், காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் ஃபேக்ஸில் போயாக வேண்டும்.

போய்விடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். என் கணவர் செந்தில் மென்பொருள் எழுதுகிறவர். இரண்டாயிரத்து ஒன்றில் இங்கே வந்தார்.

"மூணு நாள் டைம் குடு கோமு. வெள்ளிக்கிழமை ஹாலிடே. நாம இன்னும் ஜெர்மனியையே பார்க்கல. பார்த்துட்டு டிசைட் பண்ணு" என்றார்.

ஜவுளிக்கடைக்குள் பத்து நிமிஷம் நின்றாலே மூச்சு முட்டுகிற மனிதர் மூன்று நாள் ஊர் சுற்றக் கிளம்பினார் என்றால் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மவுல்ப்ரோன். எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட துறவிகள் மடம். தாடிக்கொம்புப் பெருமாள் கோவில் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு யாளி கிடையாது, குதிரை கிடையாது. துறவிகள் செலவுக்குப் பயந்தவர்கள் என்றார் செந்தில். பேசக்கூட மாட்டார்களாம், சைகைதானாம். எனக்கு எதிர்வீட்டு அம்மாள் ஞாபகம் வந்தது.

பக்கத்திலிருந்த உணவகத்தில் மவுல்டாஷன் என்று ஒன்று கொடுத்தார்கள். சதுரக் கொழுக்கட்டையை ரசத்தில் மிதக்கவிட்ட மாதிரி இருந்தது. புரட்டாசி மாதம் முழுக்க நான் கறி மீன் தொடுவதில்லை. சந்தேகத்தோடு பார்த்தேன்.

"தைரியமா சாப்பிடு. துறவிங்க விரத நாள்ல சாப்பிட்டதாம், பரிமாறின பொண்ணே சொல்லுச்சு. அவங்களுக்கும் ஒரு புரட்டாசி இருந்திருக்கு பாரு" என்றார் செந்தில்.

பிட்டுப் பார்த்தேன். உள்ளே பச்சையாகக் கீரை. நாலு சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் ருசியாகவே இருந்தது.

சாப்பிட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கப் போனோம். வழிகாட்டி ஒரு கதை சொன்னார். விரத காலத்தில் இந்த மடத்துத் துறவிகளுக்கு நல்ல இறைச்சி கிடைத்ததாம். விட மனசில்லை. பொடிப்பொடியாக நறுக்கி, கீரையோடு பிசைந்து, மாவுக்குள் வைத்து மூடிவிட்டார்களாம். மேலே இருக்கிற ஆண்டவன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. அப்படிப் பிறந்ததுதான் மவுல்டாஷன் என்றார். கூட்டமே சிரித்தது. நான் செந்திலைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மாவு மூடியிருந்ததால் பெருமாளும் பார்த்திருக்க மாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று தங்கியது ஹைல்ப்ரோனில், சேவியர் அண்ணை வீட்டில். மன்னார்க்காரர். செந்திலுக்கு ரயிலில் பழக்கமானவர். ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. மனைவி பீலெஃபெல்ட்டில் தங்கையைப் பார்க்கப் போயிருந்தார்.

"அக்கா இல்லை எண்டு யோசியாதேங்கோ. சமையல் என்ரை தொழில்தானே" என்று இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். புரட்டாசிக் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "உண்மையாவே திரும்பிப் போகப்போறியளோ தங்கச்சி?" என்று கேட்டார்.

பதினொரு மாதமாக ஒரு வீட்டுக்குள் போனதில்லை என்று சொன்னேன்.

"அது ஓம். நானும் வந்து பதினெட்டு வருசம். முதலாளி வீட்டுக்கு ஒருக்காத்தான் போனனான். அதுவும் அவையின்ரை அடுப்புத் திருத்த."

என் முகம் விழுந்ததைப் பார்த்து, செந்தில் அவர் காலை மிதித்தாரோ என்னவோ, அண்ணை உடனே பேச்சை மாற்றினார்.

"நாளைக்குக் கிராமப் பக்கம் போறியள்தானே? வாசல்லை விளக்குமாறு தொங்குதோ எண்டு பாருங்கோ. தொங்கினால் அந்த வீட்டிலை சாப்பாடு விற்கினம் எண்டு அர்த்தம். திராட்சைத் தோட்டக்காரர் வருசத்திலை கொஞ்ச மாதம் வீட்டைத் திறந்துவிடுவினம். சொந்த வைன், வீட்டுச் சமையல். கதவு தட்டவும் தேவையில்லை. எங்க இடம் இருக்கோ அங்க இருங்கோ. எல்லாரும் ஒரே மேசைதான். ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

செந்தில் அதை மனப்பாடம் செய்துகொண்டார்.

சனிக்கிழமை ஒரு கோட்டைக்குப் போவதாகத் திட்டம். ரயிலில் ஒலிபெருக்கி நீளமாக ஏதோ சொன்னது. ஒரு நிலையத்தில் வண்டியை இரண்டாகக் கழற்றி, முன்பாதியைக் கோட்டைக்கும் பின்பாதியை வேறெங்கோவும் அனுப்புவார்கள் என்று அது சொல்லியிருக்கிறது. செந்தில், "எல்லாம் ஒரே வண்டிதானே" என்று ஜன்னலோரமாகப் பின்பாதியில் உட்கார்ந்தார். கோட்டை வரவேயில்லை. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து இறங்கச் சொன்னார். மணி இரண்டரை. திரும்பும் வண்டி ஐந்து மணிக்குமேல்.

அந்த ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். ஊரில் இருந்த ஒரே உணவகத்தில் ஐந்தரைக்குத்தான் திறப்போம் என்று பலகை தொங்கியது. காலையில் சாப்பிட்ட இரண்டு இடியப்பம் எப்போதோ கரைந்துவிட்டது. நான் கோபத்தில் பேச்சை நிறுத்தியிருந்தேன். தெரு திரும்பியதும் செந்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கோமு, அங்க பாரு! விளக்குமாறு!"

சுற்றுச்சுவர்க் கதவில் குச்சி விளக்குமாறு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. அடுத்த வீட்டிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டுக் கதவில் மாட்டியே இருந்தது. எதிர் வரிசையிலும் அப்படியே. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வருகிற நேரத்தில் வாசலில் விளக்குமாறு கிடந்தால் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றமாட்டார். செந்திலுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"தெரு பூரா ஹோட்டல்! எங்க போறதுன்னு நீயே செலக்ட் பண்ணு."

நான் கதவு திறந்திருந்த ஒரு வீட்டைக் காட்டினேன். உள்ளே கல் பாவிய முற்றம். களஞ்சியக் கொட்டகையில் நீள மேசை, பெஞ்சுகள், வெள்ளைத்தாள் விரிப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கோப்பைகள். மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி மட்டும் பச்சை இலைக்கொடி சுற்றி அலங்காரமாக இருந்தது. அதன்மேல் 60 என்று அட்டை.

"அறுபதாம் நம்பர் டேபிள். பெரிய ஹோட்டல்தான்" என்று சொல்லி செந்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்துப் பெஞ்சில்.

கையில் பெரிய தட்டோடு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்களைக் கண்டதும் நின்றார். செந்தில் ஜெர்மன் வகுப்பில் படித்ததைப் பிசகாமல் சொன்னார்: "வணக்கம். இன்றைக்குச் சாப்பிட என்ன இருக்கிறது?"

அம்மாள் செந்திலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். "வெங்காய அடை," என்றார் மெதுவாக. "புது வைன்."

முந்தின நாள் பட்டவள் அல்லவா? "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டேன். அடையின் மேலே சின்னச் சின்னப் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைக் காட்டினார். நான் பின்வாங்கியதும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், கொழுப்புப் போடாத வேறோர் அடை கொண்டுவந்து வைத்தார். இந்த நாட்டில் இவ்வளவு நல்ல உபசரிப்பை நான் பார்த்ததில்லை. அவர் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது என்பது இன்னோர் அதிசயம்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துப் பெயர் சொன்னார்கள். நாங்களும் கைகொடுத்தோம். எவ்வளவு மரியாதையான வாடிக்கையாளர்கள் என்று நினைத்தேன். அவர்கள் பேசிய வட்டாரப் பேச்சில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. மீசை வைத்த உயரமான மனிதர் ஒருவர் பாதாளச் சேமிப்பறையிலிருந்து குடுவையோடு ஏறி வந்தார். அலங்கார நாற்காலியில் செந்திலைக் கண்டு தயங்கினார். அந்த அம்மாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என் விருந்தாளிகள்," என்றார் அம்மாள்.

மீசைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். செந்திலுக்கு அவரே புது வைனை ஊற்றிக் கொடுத்தார். அது கலங்கலாகப் பழரசம்போல் இருந்ததால் செந்தில் மூன்று கோப்பை குடித்துவிட்டு, கொஞ்சம் புளிக்கிறது என்று கருத்தும் சொன்னார்.

இருபது பேருக்கு அந்த அம்மாள் ஒருத்தியே ஓடுவதைப் பார்த்து என்னால் உட்கார முடியவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடையை வெட்டினேன். கோப்பைகளைக் கழுவினேன். அவர் பெயர் இங்க்ரிட். நான் ஆசிரியை என்று சொன்னதும் என்ன பாடம் என்று கேட்டார். ஜெர்மன் மொழியில் ஈர்ப்பு விசையை விளக்கினேன், ஒரு வெங்காயத்தைக் கீழே போட்டு. சிரித்தார். பதினொரு மாதத்தில் நான் இவ்வளவு பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது. ஹோட்டல்காரி ஒருத்தியோடு இப்படிச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று கொஞ்சம் அழுகையும் வந்தது.

முகம் கழுவக் குளியலறை எங்கே என்று கேட்டு மாடிக்குப் போனேன். அங்கே கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பல்துலக்கும் பிரஷ். கொடியில் உள்பனியன். எடை பார்க்கும் கருவி, பக்கத்தில் மாத்திரை டப்பா. எந்த ஹோட்டலில் உள்பனியன் காயும்? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து, கதவில் மாட்டியிருந்த விளக்குமாற்றை எடுத்தாள், வாசலில் விழுந்திருந்த நாலு இலையைக் கூட்டினாள், மறுபடி மாட்டிவிட்டு உள்ளே போனாள். சனிக்கிழமை. ஊரே தன் வாசலைக் கூட்டியிருக்கிறது. அது சாப்பாட்டுக்கு அழைக்கிற விளக்குமாறு இல்லை.

படியில் விழாத குறையாக இறங்கி ஓடினேன். அதற்குள் செந்தில் கையை உயர்த்தி மீசைக்காரரிடம், "பில் கொண்டுவாங்க, ப்ளீஸ்" என்று அழகான ஜெர்மனில் சொல்லிவிட்டார்.

இருபது பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

"என்னங்க, இது ஹோட்டல் இல்லங்க," என்றேன் தமிழில். "வீடு."

"யாரு வீடு?"

"அவரு வீடு. அவரு பொறந்தநாளு. அறுபது அவரு வயசு. நீங்க உட்கார்ந்திருக்கிறது அவரு நாற்காலி!"

செந்தில் சூடுபட்டவர்போல் எழுந்தார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னேன்: "மன்னியுங்கள். வாசலில் விளக்குமாறு பார்த்தோம்." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வெட்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழி கைகொடுத்தது. அறுபது முடிந்தவர் முன்னால் நிற்கும்போது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செந்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மீசைக்காரர் காலில் விழுந்தேன். செந்திலும் விழுந்தார். மூன்று கோப்பை வைன் உள்ளே இருந்ததால் கொஞ்சம் பலமாகவே விழுந்தார்.

மீசைக்காரர் பின்னால் துள்ளிக் குதித்தார். யாரோ "தண்ணீர்!" என்று கத்தினார்கள். ஒருவர் செந்திலின் காலைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் டாக்டரைக் கூப்பிடப் போனார். எழுந்து விளக்குவதற்குள் என் உயிர் போய்விட்டது.

"மயக்கமில்லை. ஆசீர்வாதம் கேட்டோம். எங்கள் ஊரில் கணவருக்கு அறுபது வயது முடிந்தால் இரண்டு பேருக்கும் மறுபடி கல்யாணம் செய்துவைப்போம்."

"மறுபடியா?" என்றார் இங்க்ரிட். "அதே ஆளோடா?"

கொட்டகை இடிந்துவிடும்போலச் சிரித்தார்கள். அதற்குப்பின் அவர்கள் விடவில்லை. எப்படிச் செய்வீர்கள், காட்டு என்றார்கள். நாற்காலியில் சுற்றியிருந்த பச்சைக்கொடியை அவிழ்த்து இரண்டு மாலை கட்டினேன். மாலை மாற்றச் சொன்னேன். மீசைக்காரர் குனியமாட்டேன் என்று அடம்பிடிக்க, இங்க்ரிட் பெஞ்சில் ஏறிப் போட்டார். செந்தில் வாயாலேயே கெட்டிமேளம் கொட்டினார். இங்கேயும் கல்யாணத்தில் அரிசி தூவுவார்களாம், எல்லோரும் அரிசி கேட்டார்கள். நான் அட்சதைக்கு மஞ்சள் இல்லையே என்று கவலைப்பட்டேன். என் பையில் திருநீறு இருந்தது. புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோபித்துக்கொள்ளட்டும் என்று அதையே இரண்டு நெற்றியிலும் பூசிவிட்டேன்.

கிளம்பும்போது பணத்தை எடுத்த செந்திலை மீசைக்காரர் முறைத்தார். நான் சமையலறையில் இங்க்ரிட்டிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு முதலிலேயே தெரியும்," என்றார். "உங்கள் கணவர் என்ன சாப்பாடு என்று கேட்டாரே, அப்போதே."

"பின் ஏன் சொல்லவில்லை?"

நெற்றியில் திருநீறோடு தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் வடக்கே கடலோரத்துக்காரி. இந்தத் தெருவுக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இன்னும் என்னை வடக்கத்தியாள் என்றுதான் சொல்கிறார்கள். அழைத்தால் வருவார்கள், நல்லவர்கள்தான். ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒருவரும் தானாகக் கதவைத் திறந்து வந்து, உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொன்னதில்லை. எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை."

பதினொரு மாதத்துக்கே நான் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சு மட்டும் எனக்கு ஏன் புரிந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவரும் அந்த ஊர்ப் பேச்சைப் பேசவில்லை.

இங்க்ரிட் சுவரில் மாட்டியிருந்த பெரிய நாட்காட்டியிடம் போனார். எங்கள் ஊரில் "எப்ப வேணாலும் வாங்க" என்பார்கள். அந்த "எப்ப" ஒருநாளும் வந்ததேயில்லை. இவர் அக்டோபரை விரலால் தடவிப் பார்த்தார். பாட்டுக்குழு, பல் டாக்டர், திராட்சை பிழிகிற நாள், எல்லாம் நிரம்பியிருந்தது. தாளைத் திருப்பினார். "நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மூன்றரை மணி. காப்பிக்கு. டெர்மின் போட்டுக்கொள்ளலாமா?" என்றார். ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் மட்டும்தான் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் வாங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, பேனாவால் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறலில் வைன்ஸ்பெர்க் கோட்டை ஏறினோம். முற்றுகையிட்ட ராஜா, பெண்கள் தங்கள் முதுகில் சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்றாராம். பெண்கள் புருஷன்மாரைச் சுமந்துகொண்டு இறங்கினார்களாம்.

"நீயா இருந்தா என்னைத் தூக்கியிருப்பியா?" என்றார் செந்தில், மூச்சு வாங்க.

"எண்பத்துநாலு கிலோவையா? குக்கரைத் தூக்கியிருப்பேன்."

சிரித்தார். பிறகு, மூன்று நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டார். "அப்ப ஸ்கூல்? போறதுன்னா போ கோமு. நான் தடுக்கமாட்டேன்." சொல்லும்போது முகம் வேறு பக்கம் இருந்தது.

கார்ல்ஸ்ரூஹே போகும் வண்டியில் ஏறியதும் அவரிடம் காகிதம் கேட்டு வாங்கினேன். எட்டு வருஷ வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் புத்தக வாசனையோடு வகுப்புக்குள் நுழைந்தது நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. என் பணியை ராஜினாமா செய்கிறேன். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று போட்டால் போதும். எல்லோரும் அதைத்தான் போடுவார்கள். தெளிவாக எழுதச் சொல்லியிருக்கிறார் என்பதால் தெளிவாகவே எழுதினேன்:

"நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை மூன்றரை மணிக்கு ஒரு வீட்டில் என்னை எதிர்பார்க்கிறார்கள்."

கையெழுத்துப் போட்டு செந்திலிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, நம்ம ரெண்டு பேரையுமா, உன்னை மட்டுமா என்று கேட்டார்.